கூட்டத்தோட போறதா, தனியா நிக்கிறதா: வளர்ற பிள்ளைங்க பத்தி அம்மா அப்பாமார் அடிக்கடி கேக்குற கேள்விகள்

ராமேஸ்வரம் போற வழியில இருக்குற மண்டபம் ஊர்ல சாயந்தரம் டியூஷன் எடுக்குறேன், 11 வருஷம் ஆச்சு. ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் பிள்ளைங்க வருது. பிள்ளைய விட வர்றவங்க, கூட்டிட்டு போக வர்றவங்க, வாசல்ல நின்னுக்கிட்டே கேக்குறது ரெண்டே ரெண்டு தான். ஒன்னு, "கூட்டாளி பேச்ச தான் கேக்குது, என்ன பண்றது". இன்னொன்னு, "எம்புள்ள எல்லாரும் போல இல்லாம வித்தியாசமா வரணும், என்ன சொல்லி வளக்குறது". ஒரே ஆளு ஒரே நாள்ல ரெண்டையும் கேட்டதும் உண்டு.

வாசல்ல நின்னு பேசுனா பாதி தான் சொல்ல முடியுது, அதுக்குள்ள பஸ் வந்துடுது. அதனால அவங்க கேட்ட வாக்குலயே கேள்விய எழுதி, எனக்கு தெரிஞ்சது, படிச்சது, எம்மகன வச்சு நான் பட்டது எல்லாத்தையும் எழுதிட்டேன். நான் டாக்டர் இல்ல. டீச்சர், ஒரு பையனுக்கு அம்மா, அவ்வளவு தான்.

ஏழாவது வரைக்கும் நான் சொன்னா கேப்பான். இப்ப கூட்டாளி சொல்றது தான் வேதவாக்கு. யாராச்சும் கெடுத்துட்டாங்களா?

யாரும் கெடுக்கல. 12, 13 வயசு தாண்டுனா தன் வயசு பிள்ளைங்க கண்ணுக்கு நாம எப்படி தெரியுறோம்ங்கறது பெரிய விஷயமா ஆயிடும். வீட்ட விட்டு வெளிய போய் தனக்குன்னு ஒரு இடம் புடிக்கணும்ல, அதுக்கு மனசு பழகுற காலம் இது. நாளைக்கு அவன் தொழில் பாக்கப் போறதும் குடும்பம் நடத்தப் போறதும் அவன் வயசு ஆளுங்களோட தான, நம்மளோட இல்லையே.

2005-ல அமெரிக்காவுல கார்ட்னர், ஸ்டெய்ன்பெர்க்னு ரெண்டு ஆராய்ச்சிக்காரங்க கார் ஓட்டுற கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்ன வச்சு சோதிச்சு பாத்தாங்க. மஞ்ச லைட்டு விழுந்த பிறகும் எவ்வளவு தூரம் துணிஞ்சு ஓட்டுறாங்கன்னு பாக்குறது. தனியா ஆடும்போது சின்னவங்களுக்கும் பெரியவங்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. கூட்டாளிங்க பக்கத்துல உக்காந்த உடனே 13ல இருந்து 16 வயசு பிள்ளைங்க ரொம்ப துணிஞ்சு ஓட்டுச்சு, 24 வயசுக்கு மேல உள்ளவங்க மாறவே இல்ல. நம்ம ஊர்ல இத பாக்க கம்ப்யூட்டர் வேண்டாம், லீவு நாள்ல படகு கட்டுற ஜெட்டி பாலத்துல போய் நில்லுங்க, தனியா வந்தா படியில உக்காந்து கால் நனைக்கிற பையன் நாலு பேரோட வந்தா உச்சியில இருந்து குதிப்பான். ஆபத்து தெரியாம இல்ல, தெரியும், அந்த நேரத்துல நாலு பேர் கண்ணு அத விட பெருசா தெரியுது.

முகத்துல ஒரே ஒரு பரு. எல்லாரும் என்னையே பாக்குறாங்கன்னு ஸ்கூலுக்கே போக மாட்டேங்குறா. இது நடிப்பா?

நடிப்பு இல்லத்தா, அவளுக்கு அது நெசம். 1967-லயே டேவிட் எல்கைண்ட்னு ஒருத்தர் இத எழுதிருக்கார், இந்த வயசு பிள்ளைங்க எப்பவும் ஒரு கூட்டம் தன்னையே பாத்துக்கிட்டு இருக்குற மாதிரி நெனச்சுக்கும், அந்த கூட்டம் மனசுக்குள்ள தான் இருக்குன்னு. அவ கிளாஸ்ல இருக்குற 40 பேரும் அவங்கவங்க பருவ நெனச்சு தான் கவலப்பட்டுக்கிட்டு இருப்பாங்க.

"யாரு உன்ன பாக்கப் போறா"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க. நம்ம ஆறுதலா தான் சொல்றோம், அவ காதுல "உன்ன யாரும் மதிக்கல"ன்னு விழும். முகம் கழுவ சொல்லி, வேணும்னா முடிய முன்னால கொஞ்சம் இழுத்து விட்டு, பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட போயிட்டு வாங்க. ரெண்டு நாள்ல சரியாயிடும்.

முடி வெட்டு, பேன்ட், செருப்பு இதுலல்லாம் கூட்டத்தோட போக விடலாமா? 900 ரூபா செருப்பு கேக்குறான்.

விடுங்க. முடி வளரும், பேன்ட் சின்னதாகும். சின்ன விஷயத்துல அவன் நாலு பேரோட ஒன்னா தெரியட்டும், அப்ப தான் பெரிய விஷயத்துல தனியா நிக்க அவன்கிட்ட தெம்பு மிச்சம் இருக்கும். எல்லாத்துக்கும் சண்ட போட்டீங்கன்னா சிகரெட்டுக்கு போடுற சண்டையும் முடிவெட்டுக்கு போட்ட சண்டையும் அவனுக்கு ஒன்னு போல தெரியும்.

காசு வேற விஷயம். நம்ம பக்கம் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடைக்காலம், விசைப்படகு கரையில கட்டிக் கிடக்கும், அரசாங்கம் குடுக்குற நிவாரணம் 8,000 ரூபா, அது வந்து சேர்றதுக்குள்ள கடன் வளந்துடும். சரியா அந்த நேரத்துல தான் ஸ்கூல் தொறக்கும், பை, ஷூ, நோட்டு, பீஸ்னு ஒன்னு மேல ஒன்னு வரும். அப்ப செருப்பு கேட்டா "உனக்கு ஏன் அடுத்தவன பாத்து ஆச"ன்னு திட்டாதீங்க. ஆச தப்பில்ல, கையில காசு இல்ல, அவ்வளவு தான் உண்மை. என் வீட்டுக்காரர் விசைப்படகுல போறவர், நாங்க எம்மகன உக்கார வச்சு நோட்ட விரிச்சு கணக்கு காட்டுனோம், அரிசிக்கு இவ்வளவு, வட்டிக்கு இவ்வளவு, உனக்கு எது முக்கியம்னு நீயே சொல்லுன்னு. ஆகஸ்ட்ல வாங்கிக்கிறேன்னு அவனே சொன்னான். ஆகஸ்ட்ல மறக்காம வாங்கிக் குடுத்தோம், அது ரொம்ப முக்கியம்.

"எல்லாரும் போல இருக்காத, வித்தியாசமா இரு, தைரியமா இரு"ன்னு தெனமும் சொல்லி வளக்குறேன். இது நல்லது தான?

இதுக்கு என் கதைய தான் சொல்லணும். எம்மகன் எட்டாவது முடிச்சு ராமநாதபுரத்துல டவுன் ஸ்கூல் ஒன்னுல சேந்தான். அதுவரைக்கும் நம்ம ஊர் ஸ்கூல், டப்பாவத் தொறந்தா எல்லார் டப்பாவுலயும் மீன் தான். அங்க போன ரெண்டாவது வாரம், "அம்மா நாளையில இருந்து லெமன் சாதம் குடு"ன்னான். ஏன்னு கேட்டா சொல்லல. தோண்டித் துருவுனதுல, கணவாய் தொக்கு டப்பாவ தொறந்ததும் பக்கத்து பெஞ்ச் பையன் மூக்க பொத்திக்கிட்டு "கவுச்சி"ன்னு சொல்லிருக்கான், சுத்தி எல்லாரும் சிரிச்சிருக்காங்க.

எனக்கு வந்துச்சே ஒரு கோவம். உங்கப்பா ராத்திரி பூரா கடல்ல கெடந்து புடிச்சிட்டு வந்தது, இதுல என்ன வெக்கம், நாம யாருக்கும் கொறஞ்சவங்க இல்ல, நீ வித்தியாசமா இருக்குறதுல பெருமப்படுன்னு சொல்லி மறுநாளும் மீனு, அதுக்கு மறுநாளும் மீனு. டப்பா காலியா திரும்பி வந்துச்சு, நான் ஜெயிச்சுட்டதா நெனச்சேன். ஒரு மாசம் கழிச்சு பஸ் ஸ்டாண்டு பக்கத்துல பூ விக்கிற அக்கா என்ன பாத்து, "ஒம்மகனுக்கு என்ன மனசுத்தா, தெனமும் நாய்க்கு சோறு வச்சுட்டு தான் பஸ் ஏறுறான்"னு பாராட்டுனாங்க. அங்கனயே எனக்கு காலு ஓடல. ஒரு மாசம் எம்பிள்ள மத்தியானம் பட்டினி கெடந்திருக்கான், எங்கிட்ட சொல்ல பயந்துக்கிட்டு.

அந்த பெருமை என்னோடது, அவனோடது இல்ல. என் ரோஷத்த அவன் டப்பாவுல வச்சு அனுப்பிருக்கேன். வகுப்புல இருக்குறவங்க "எங்கள மாதிரி இரு"ன்னாங்க, நான் "எனக்கு புடிச்ச மாதிரி வித்தியாசமா இரு"ன்னேன், ரெண்டு பேரும் அவன்கிட்ட உனக்கு என்ன வேணும்னு கேக்கல. நீங்க தெனமும் சொல்றது தப்புன்னு சொல்ல வரல. உங்க பிள்ளை ஏற்கனவே எதுல வித்தியாசமா இருக்கு, அதுக்கு எது புடிக்குதுன்னு பாத்து அதுக்கு பக்கத்துல நில்லுங்க. நம்மளா ஒரு வித்தியாசத்த எடுத்து அது தலையில வச்சா அது சுமை.

அப்ப வாயே தொறக்கக் கூடாதா? தைரியத்த எப்படித்தான் குடுக்குறது?

தைரியத்த சொல்லி குடுக்க முடியும்னு நான் இப்ப நம்பறதில்ல. ஆள் குடுக்கலாம். அமெரிக்காவுல சாலமன் ஆஷ்னு ஒருத்தர் 1951 வாக்குல ஒரு சோதனை பண்ணார். ஒரு ரூம்ல சில மாணவங்கள உக்கார வச்சு, ஒரு கோட்டக் காட்டி, இந்த மூணு கோட்டுல எது அதே நீளம்னு கேக்குறது. சின்னப் பிள்ளை கூட சொல்லிடும். ஆனா ஒருத்தர தவிர மத்த எல்லாரும் அவர் ஏற்பாடு பண்ண ஆளுங்க, வேணும்னே தப்பா சொல்லுவாங்க. அந்த ஒத்த ஆளு என்ன செய்வான்? நாலுல மூணு பேரு ஒரு தடவையாச்சும் கூட்டத்தோட சேந்து தப்பா சொன்னாங்க. கண்ணுக்கு நேரா தெரியுறதையே.

இதுல எனக்கு முக்கியமா பட்டது அடுத்தது தான். அந்த கூட்டத்துல ஒரே ஒரு ஆள சரியா சொல்ல வச்சார். ஒரே ஒரு ஆள். உடனே கூட்டத்தோட ஒத்து ஊதுறது மடமடன்னு கொறஞ்சு போச்சு. பத்து பேரு வேண்டாம், பக்கத்துல ஒருத்தன் போதும்.

எங்க டியூஷனுக்கு பாம்பன்ல இருந்து ஒரு பையன் வந்தான், பறவைன்னா உசுரு. மார்கழி தை வாக்குல தனுஷ்கோடி பக்கம் பூநாரை வந்து எறங்கும்ல, கோதண்டராமர் கோயில் பக்கத்து தண்ணியில, அத எண்ணி நோட்டுல எழுதுவான், ஆலா எது, உள்ளான் எதுன்னு பிரிச்சு சொல்லுவான். மத்த பயலுவ கிரிக்கெட்டு, வாலிபால். இவனுக்கு "கொக்கு"ன்னு பேரு வச்சுட்டானுங்க, இவன் நோட்ட மறச்சு வைக்க ஆரம்பிச்சுட்டான். அவங்கம்மா எங்கிட்ட வந்து கேட்டது தான் இந்த கேள்வி. நான் அவனுக்கு தைரியம் சொல்லல. ஒம்பதாவதுல படம் வரையுற பையன் ஒருத்தன் இருந்தான், இவன் நோட்டுல இருக்குற பறவைய நீ வரஞ்சு குடுக்குறியான்னு அவன கேட்டேன். அடுத்த ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் சைக்கிள்ல போனாங்க. "கொக்கு"ங்கற பேரு போகல, ஆனா நோட்டு வெளிய வந்துடுச்சு.

கூட இருக்குறவனுங்க ஒதட்டுக்கு அடியில புகையில பொட்டலம் வைக்கிறானுங்க. இவன் மட்டும் வேண்டாம்னு சொன்னா சேத்துக்க மாட்டானுங்களே?

அது உண்மை தான், சேத்துக்காம போகலாம், அத இல்லன்னு சொல்லி பிள்ளைய ஏமாத்தாதீங்க. "வேண்டாம்னு சொல்லு"ன்னு சொல்றது சுலபம், சுத்தி அஞ்சு பேரு நிக்கிறப்ப வாயில வார்த்த வராது. அதனால வார்த்தைய வீட்லயே பழக்கிடணும். "எனக்கு வாந்தி வரும்டா", "எங்கம்மா வாய மோந்து பாக்கும், கொன்னுடும்". நம்ம பேர கெடுக்கட்டும், பரவால்ல, அம்மா ராட்சசின்னு சொல்லி தப்பிச்சா தப்பிச்சுட்டு போகட்டும். எங்க வீட்ல ஒரு ஏற்பாடு உண்டு. போன் பண்ணி "அம்மா, மாத்திர சாப்டியா"ன்னு கேட்டான்னா, ஒடனே வந்து என்ன கூட்டிட்டு போன்னு அர்த்தம். எனக்கு எந்த மாத்திரையும் கெடையாது. போய் கூட்டிட்டு வந்துடுவோம், வழியில ஒரு கேள்வியும் கேக்குறதில்ல, மறுநாள் தான் பேச்சு.

கடைக்காரங்க பக்கமும் பாருங்க. தமிழ்நாட்டுல குட்கா, பான்மசாலாவுக்கு 2013ல இருந்து தடை. ஸ்கூல்ல இருந்து 100 கஜத்துக்குள்ள புகையிலப் பொருள் எதுவும் விக்கக் கூடாது, 18 வயசுக்கு கீழ உள்ளவங்களுக்கு எங்கயுமே விக்கக் கூடாது, 2003 சட்டம். பிள்ளை மட்டும் தனியா நின்னு எதுக்கணும்னு சொல்லிட்டு நாம நாலு பெத்தவங்க சேந்து ஒரு பொட்டிக்கடையில போய் கேக்க பயந்தா எப்படி.

ஊரோட ஒத்து வாழ்னு தான பெரியவங்க சொல்லிருக்காங்க? நீங்க தனியா நிக்க சொல்றீங்களே?

பெரியவங்க சொன்னது சரி. கடக்கரையில பொறந்தவங்களுக்கு இது புத்தகத்துல வர்ற சேதி இல்ல. கரைவலை இழுக்குறப்ப ரெண்டு பக்கமும் கயித்த ஒன்னு போல இழுக்கணும், ஒருத்தன் "நான் வித்தியாசமானவன்"னு கைய விட்டா மடி சாஞ்சு மீனு போயிடும். காத்து மாறி இருக்கு, இன்னக்கி யாரும் போக வேண்டாம்னு ஊர்ல முடிவெடுத்தா அதுக்கு கட்டுப்படணும். உசுரு காக்குற ஒத்துமை அது.

நான் பிள்ளைங்ககிட்ட ஒரு கேள்விய கேக்க சொல்லுவேன். நீ சேரலன்னா யாருக்காச்சும் நஷ்டமா? கரைவலையில நீ கைய விட்டா பத்து வீட்டுக்கு நஷ்டம். புகையில நீ போடலன்னா யாருக்கு என்ன நஷ்டம்? ஒருத்தன கேலி பண்றப்ப நீ சிரிக்கலன்னா யாரு வலை கிழியும்? இதுல முக்கால்வாசி குழப்பம் தீந்துடும். மிச்சம் கால்வாசி இருக்கும், அது பெரியவங்களுக்கே தீரல.

நம்ம மண்ணு கலாம் பொறந்த மண்ணு. அவர மாதிரி வரணும்னு சொல்றது ஊக்கம் தான?

எங்க டியூஷன்ல 30 பிள்ளைங்க, 30 பேருக்கும் வீட்ல இதத்தான் சொல்றாங்க. முப்பது பேருகிட்டயும் ஒரே ஆளா இருன்னு சொன்னா அது வித்தியாசமா இருக்க சொல்றதா? பாவம், சயின்ஸ்ல 45 மார்க் எடுத்த பிள்ளை பேக்கரும்பு மணிமண்டபம் பக்கமே வர மாட்டேங்குது, அந்த பேரக் கேட்டாலே அதுக்கு திட்டு தான் ஞாபகம் வருது. அந்த பெரிய மனுஷனுக்கு இத விட பெரிய அநியாயம் நாம செய்ய முடியாது.

அவர் சின்ன வயசுல நடந்தத அவரே சொல்லிருக்கார், எனக்கு அது தான் புடிக்கும். ராமேஸ்வரத்துல அஞ்சாவது படிக்கிறப்ப, தொப்பி போட்ட கலாமும் பூணூல் போட்ட ராமநாத சாஸ்திரியும் முன் பெஞ்சுல பக்கத்துல பக்கத்துல உக்காருவாங்க, உயிர் கூட்டாளிங்க. புதுசா வந்த வாத்தியார் ஒருத்தர் இது சரியில்லன்னு கலாம பின் பெஞ்சுக்கு அனுப்பிட்டார். இவர் எந்திரிச்சு போறத பாத்து அந்த பக்கம் ராமநாதன் அழுதுட்டான். ரெண்டு பேரும் வீட்ல போய் சொன்னாங்க. ராமநாதனோட அப்பா லட்சுமண சாஸ்திரி, ராமேஸ்வரம் கோயில் குருக்கள், அந்த வாத்தியார கூப்ட்டு விட்டு, பிஞ்சு மனசுல வெஷத்த வெதைக்காதீங்கன்னு நேருக்கு நேரா கண்டிச்சார், வாத்தியாரும் மனசு மாறுனார். பாருங்க, அங்க யாரும் அந்த பையன்கிட்ட தைரியமா இருன்னு புத்தி சொல்லல. அடுத்த வீட்டுப் பெரியவர் ஒருத்தர் எந்திரிச்சு நின்னார். மேல சொன்ன அந்த "ஒத்த ஆளு" இது தான்.

அதனால உங்க பிள்ளைகிட்ட கலாம் மாதிரி வான்னு சொல்றதுக்கு பதிலா, உன் கிளாஸ்ல யார பின் பெஞ்சுக்கு தள்ளிருக்காங்கன்னு கேட்டு பாருங்க. கண்டிப்பா ஒரு பேரு சொல்லும். அந்த பிள்ளைக்கு பக்கத்துல உங்க பிள்ளை உக்கார முடியுமான்னு கேளுங்க.

பையன் வித்தியாசமா இருந்தா பெருமை, பொண்ணு இருந்தா ஊரு பேசும். அவளுக்கும் இதே தானா?

அவளுக்கு வெல கூட. அத மறைக்காம அவகிட்டயே சொல்லணும். அதே நேரம் ஒன்னு யோசிங்க, நம்ம கடக்கரைப் பொம்பளைங்கள விட வித்தியாசமா யாரு இருக்கா? பாம்பன் பக்கம் சின்னப்பாலத்துல கடல்பாசி எடுக்குற அக்காமார் கண்ணாடிய மாட்டிக்கிட்டு, கைவெரல்ல துணியச் சுத்திக்கிட்டு, மூச்ச அடக்கி முங்கி பாறையில இருந்து பாசி எடுத்துட்டு வருவாங்க. அவங்கள்ல ஒருத்தங்க லெட்சுமி, பாசி எடுக்குற பொம்பளைங்களுக்காக பேசுனவங்க, 2015-ல, தீவுகளோட இயற்கைய காக்குறவங்களுக்கு குடுக்குற சீகாலஜி பரிசு வாங்க அமெரிக்கா வரைக்கும் போனாங்க. ஊரு பேசாமலா இருந்திருக்கும்.

கடல் பத்தி படிக்கணும்னு ஒரு பொண்ணு சொன்னா, "இது என்ன படிப்பு, நர்சிங் போ, டீச்சர் ட்ரெயினிங் போ"ன்னு சொல்றோம், ஏன்னா தெரிஞ்ச எல்லாரும் அங்க தான் போயிருக்காங்க. தொண்டியில அழகப்பா பல்கலைக்கழகத்தோட கடலியல் துறை இருக்கு, நம்ம மண்டபத்துலயே 1947ல இருந்து கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் இருக்கு, வாசல் கேட்டு வரைக்கும் போயிருப்போம், உள்ள என்ன நடக்குதுன்னு பிள்ளைகளுக்கு காட்டிருக்கோமா? அரசுப் பள்ளியில படிச்ச பொண்ணுன்னா காலேஜ் படிக்கிறப்ப புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபா வரும், பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் ஆகும். ஊரு பேசுறத நிறுத்த முடியாது, ஆனா பேசுறத அவ காது வரைக்கும் நாமளே சொமந்துட்டு வராம இருக்கலாம். முக்கால்வாசி நேரம் "ஊரு என்ன சொல்லுது தெரியுமா"ன்னு பொண்ணுகிட்ட சொல்றது அம்மா தான்.

எல்லாரும் பிள்ளைய படிக்க வைக்கிறோம். இவன் கடலுக்கு போறேங்குறான். இதுவும் "வித்தியாசமா இருக்குறது" தானா, விட்டுடணுமா?

இந்த கேள்விய கேட்ட அண்ணன் கண்ணு கலங்கி நின்னார், அவர் ரெண்டு தடவ அந்தப் பக்கம் இலங்கையில புடிபட்டு செறையில இருந்துட்டு வந்தவர். எம்மகனுக்கு இந்த பாடு வேண்டாம்னு தான் படிக்க வச்சேன்னார். முப்பது வருஷம் முன்னால கடலுக்கு போறது ஊரோட ஒத்துப் போறது, இன்னக்கி அது தனியா நிக்கிறதா ஆயிடுச்சு.

நான் சொன்னது, இப்ப ஆமான்னும் சொல்லாதீங்க, இல்லன்னும் சொல்லாதீங்க. பன்னெண்டாவது முடிக்கட்டும். டீசல் கணக்கு, பங்கு கணக்கு, படகு புடிபட்டா என்ன ஆகும்னு எல்லாத்தையும் மூடாம சொல்லுங்க. நாகப்பட்டினத்துல மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கு, படிச்சுட்டும் கடலோட இருக்கலாம்னு காட்டுங்க. அவன் கடல விரும்புறானா, இல்ல படிப்புக்கு பயந்து கடல சொல்றானான்னு ரெண்டு வருஷத்துல தானா தெரிஞ்சுடும். நெசமாவே விரும்புறான்னா, நீங்க வெறுக்குற தொழில அவன் விரும்புறான்னு ஏத்துக்க வேண்டியது தான். வித்தியாசமா இருன்னு சொல்லிட்டு, நமக்கு புடிச்ச வித்தியாசத்த மட்டும் ஏத்துக்குறது எப்படி நியாயம்?

டவுன் ஸ்கூலுக்கு போனதுல இருந்து பேச்சே மாறிடுச்சு. எங்களயே "இப்படி இழுத்து பேசாதீங்க"ங்குது.

வலிக்கும் தான். ஆனா இது லெமன் சாதம் மாதிரி தான், அங்க போட ஒரு சட்ட, இங்க போட ஒரு சட்ட. வீட்ல நீங்க உங்க பேச்ச மாத்தாதீங்க, அது பேச்சையும் திருத்தாதீங்க. ராத்திரி தூக்க கலக்கத்துல "ஆத்தா, தண்ணி"ன்னு கேக்குறப்ப பழைய பேச்சு தான் வரும்.

வாட்ஸ்அப் குரூப்ல இருந்து தூக்கிட்டாங்கன்னு ரெண்டு நாளா சாப்பிடல. போன வாங்கி வச்சுடவா?

வேண்டாம். அவள தூக்குனது அவங்க, போன புடுங்கி நீங்களும் தண்டிச்சா ரெண்டு அடி. யாரு தூக்குனா, என்ன நடந்துச்சுன்னு கேளுங்க, தீர்ப்பு சொல்லாதீங்க. அந்த குரூப்ல ஒருத்தியாச்சும் இவ மேல பிரியமா இருப்பா, அவள வீட்டுக்கு கூப்புடுங்க. மறுபடியும் ஒத்த ஆளு கணக்கு தான். போட்டோவ மாத்தி போடுறது, அசிங்கமா எழுதுறது, மெரட்டுறதுன்னு போனா அது வேற, அத சேமிச்சு வச்சு ஸ்கூல்ல சொல்லுங்க, பிள்ளைங்களுக்கான உதவி நம்பர் 1098க்கு போன் பண்ணலாம், 24 மணி நேரமும் எடுப்பாங்க.

அவங்க வாப்பா துபாய்ல. போன்ல "பத்து பேரு போல அடங்கி இரு"ங்குறாரு, நான் "உனக்கு புடிச்சத செய்"யுங்குறேன். பிள்ளை யார் பேச்ச கேக்கும்?

கீழக்கரையில இருந்து ஒரு லாத்தா, அதாவது முஸ்லிம் அக்கா, கேட்டது. பிள்ளை அந்தந்த நேரத்துக்கு எது வசதியோ அவங்க பேச்ச கேக்கும், அது தான நடக்குது. தூரத்துல இருக்குற தகப்பனுக்கு பயம் அதிகமா இருக்கும், ஒன்னு ஆனா ஓடி வர முடியாதுல்ல, அதனால "அடங்கி இரு"ங்கறது அவர் பாசம் பேசுற பேச்சு. வாரத்துல ஒரு நாள் பிள்ளை இல்லாத நேரமா அவர்கிட்ட பேசுங்க. எதுல கூட்டத்தோட போகலாம், எதுல கண்டிப்பா போகக் கூடாதுன்னு மூணே மூணு விஷயம் ரெண்டு பேரும் முடிவு பண்ணி ஒரே வாயா சொல்லுங்க. மத்தத விட்டுடுங்க.

தனியா இருக்குறது அவனுக்கு புடிச்சிருக்குன்னு விட்டுட்டேன். எப்ப பயப்படணும்?

தனியா இருந்தாலும் எதுலயாச்சும் மூழ்கி இருந்தா, சாப்பாடு தூக்கம் சரியா இருந்தா, ஒருத்தன்கிட்டயாச்சும் பேசுனா பயப்பட வேண்டாம். முன்னால புடிச்சது எதுவுமே இப்ப புடிக்கல, ராத்திரி தூக்கம் இல்ல, ஒடம்புல கீறல், "நான் இல்லன்னா உங்களுக்கு நிம்மதி"ங்கற மாதிரி பேச்சு, இதெல்லாம் ரெண்டு வாரத்துக்கு காத்திருந்து பாக்குற விஷயம் இல்ல. சாகுறத பத்தி பேசுனா அன்னக்கே கூட்டிட்டு போங்க. ராமநாதபுரம் அரசு ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு, போன்லயே பேசணும்னா 14416, டெலிமானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர், காசு கெடையாது, தமிழ்ல பேசுவாங்க. ஏர்வாடி தர்காவுக்கு நேந்துக்கிறவங்க நேந்துக்கங்க, நான் தடுக்கல, ஆனா டாக்டர்கிட்டயும் காட்டுங்க.

இவ்வளவும் பண்ணி, கடைசியில அவன் எல்லாரையும் போல தான் ஆனான்னா? உங்க மகன் எப்படி?

எம்மகன் இப்ப பன்னெண்டாவது, காமர்ஸ் குரூப். அவன் கிளாஸ்ல பாதி பேரு எடுத்த குரூப். எல்லாரும் பாக்குற கிரிக்கெட் தான் பாக்குறான், எல்லாரும் வெட்டுற மாதிரி தான் முடி வெட்டுறான். பறவை எண்ணல, பரிசு எதுவும் வாங்கல. எனக்கு இதுல கொற எதுவும் இல்லன்னு முழு மனசோட சொல்றேன். போன மாசம் ஒரு நாள் "அம்மா, மாத்திர சாப்டியா"ன்னு போன் வந்துச்சு, அவங்கப்பா வண்டிய எடுத்துட்டு போய் கூட்டிட்டு வந்தார். எங்க இருந்தான், யார் கூட இருந்தான்னு மறுநாள் அவனா சொன்னான்.

மீன இப்பவும் ராத்திரி வீட்ல தான் சாப்பிடுறான். காலையில டப்பாவுல இன்னும் லெமன் சாதம் தான் போகுது.